ஆவுடை, 312 மீட்டர்

ஜனவரி 2

இந்த டைரி எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பது. நான் நவம்பரிலேயே கிளம்ப இருந்ததால் ஆவுடை கடைக்கே போய் நின்று, பைண்டிங் காய்வதற்கு முன்னால் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். “தினமும் எழுதணும். ஒரு நாளு கூட விடக்கூடாது” என்று உத்தரவு. ஆரம்பப்பள்ளி ஆசிரியை அவள். முப்பத்தொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்த கை, புருஷனுக்கும் கொடுத்துவிட்டது.

நேற்று முதல் பக்கம். மறந்துபோனேன். அதனால் இப்போதுதான் அதில் ‘புத்தாண்டு. கேசரி. எல்லோரும் நலம்’ என்று எழுதி வைத்தேன். கேசரி நிச்சயம் இருந்திருக்கும்.

ஒவ்வொரு பக்கத்திலும் ராகுகாலம், எமகண்டம், சூரிய உதயம், அஸ்தமனம் எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். அண்டார்டிகாவில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நவம்பரில் எழுந்த சூரியன் இன்னும் படுக்கவில்லை. வானத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான். ஜனவரி கடைசியில்தான் அஸ்தமனமாம். அதுவரை ராகுவுக்கும் லீவுதான்.

என்னைப் பற்றி எழுதச் சொன்னாள். பெயர் குற்றாலிங்கம், ஊர் தென்காசிப் பக்கம், வேலை நில அளவை, வயது ஐம்பத்தாறு, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். இங்கே வருவது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது ஒன்பது வருடத்துக்கு முன்னால்.

நாளைக்கு மூன்று பேர் உள்நாட்டுக்குக் கிளம்புகிறோம். தலைமை டாக்டர் ஹம்சவேணி, பனியாறுகளை ஆராய்கிறவர், பொள்ளாச்சிக்காரர். வண்டிக்கும் சமையலுக்கும் தொம்மை, தூத்துக்குடி. நிலையத்தில் இருபத்தாறு பேர் பதினோரு பாஷை பேசுகிறார்கள். அதில் மூன்று தமிழர் ஒரே வண்டியில் விழுந்தது தற்செயல் என்கிறார் டாக்டரம்மா. ரசப்பொடி தொம்மையிடம் இருப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

போகிற காரியம் என் மலையைத் தேடி. அதாவது தேடி இல்லை, அது இருக்கிற இடம் தெரியும். மலைக்குப் போகிறோம்.

ஜனவரி 3

காலை எட்டுக்குக் கிளம்பினோம். சக்கரத்துக்குப் பதில் செயின் மாட்டின வண்டி ஒன்று, பின்னால் படுக்கிற கேபின் ஒன்று, சாமான் சறுக்குவண்டி ஒன்று. தொம்மை வண்டிக்கு மரியா என்று பெயர் வைத்திருக்கிறான். காலையில் எஞ்சினைத் தட்டிக் கொடுத்து, “எந்திரி தாயி, நேரமாச்சு” என்பான். மரியா இருமிக்கொண்டு எழுந்திருப்பாள்.

எனக்குக் கொடுத்த குளிர் உடுப்பு தொளதொளவென்று இருக்கிறது. படிவத்தில் எழுதின உயரத்துக்குத் தைத்தார்களாம். கால்சட்டையை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருக்கிறேன். தொம்மை பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, உள்ள இன்னொரு ஆளு இருக்காவளா?” என்றான். தையற்காரன் தப்பு என்றேன்.

பள்ளியில் ஆவுடை சொல்லிக் கொடுப்பாள்: இந்தக் கண்டம் இந்தியாவைப் போல நான்கு மடங்கு பெரியது, உலகத்து நல்ல தண்ணீரில் பெரும்பங்கு இங்கேதான் கட்டியாகக் கிடக்கிறது என்று. உண்மைதான், ஆனால் குளிக்க முடியாது. குடிக்க வேண்டுமென்றால் மண்வெட்டியால் பனியை வெட்டி, அண்டாவில் போட்டு, ஒரு மணி நேரம் உருக்க வேண்டும். ஒரு அண்டா பனிக்கு அரை அண்டாத் தண்ணீர்கூடத் தேறுவதில்லை. இன்று என் முறை.

சாப்பிடும்போது டாக்டரம்மா மலை எதற்கு என்று தொம்மைக்கு விளக்கினார்.

“இங்க தரைன்னு நாம நிக்கறது தரையே இல்லீங்க. பனி. நமக்குக் கீழ ஒரு கிலோமீட்டர் கனம். அது மொத்தமும் கடலைப் பார்த்து மெதுவா நகருது. நான் மூணு வருசமா கம்பு நட்டு, எவ்வளவு நகருதுன்னு அளக்கறனுங்க. ஆனா எதை வெச்சு அளக்கறது? அளக்கற கருவியும் பனி மேலதானே நிக்குது. பக்கத்துல அசையாத கல்லு ஒண்ணு வேணும். அதுல சாட்டிலைட் ஆன்டெனாவை அடிச்சு வெச்சாத்தான் விரற்கடை கணக்கு வரும்.”

“பக்கத்துல வேற மலை இல்லியா மேடம்?”

“இருநூறு கிலோமீட்டருக்கு வேற எதுவும் இல்லீங்க. சாட்டிலைட் படத்துல அந்தப் பக்கம் எப்பவும் மேகம். வரைபடத்துல இருக்கற ஒரே பாறை குற்றாலிங்கம் சார் கண்டுபிடிச்சதுதானுங்க. இந்த வருசத்தோட என் திட்டம் முடியுது. கல்லு கிடைக்கலைன்னா மூணு வருச அளவும் வீண்.”

ரசம் நன்றாக இருந்தது.

ஜனவரி 4

பயணம். வெயில். எல்லோரும் நலம்.

ஜனவரி 5

பயணம். வெயில், லேசான காற்று. எல்லோரும் நலம்.

ஜனவரி 6

மேலே இருக்கிற இரண்டு நாளும் இன்றைக்குத்தான் எழுதினேன். வெயில் அடித்திருக்கும், இங்கே வேறு என்ன அடிக்கப்போகிறது. காற்று கொஞ்சம் மாறட்டும் என்று ‘லேசான’ சேர்த்தேன். ஒரே மாதிரி இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

பாதை மோசம். காற்று பனியை வரப்பு வரப்பாகச் செதுக்கி வைத்திருக்கிறது. உழுத வயலில் குறுக்கே வண்டி ஓட்டுவது போலத்தான். கேபினில் இருந்த ஊறுகாய் பாட்டில் உருண்டு டாக்டரம்மாவின் லேப்டாப் பைக்குள் போய்விட்டது.

ஜனவரி 7

ஒன்பது வருடத்துக்கு முன் நான் முகாமிட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தோம். நான் நட்ட கொடிக்கம்பம் குறித்த இடத்தில் இல்லை. தேடினால் அங்கேயிருந்து வடக்கே எண்ணூற்று அறுபது மீட்டர் தள்ளி, நுனி ஒரு முழம் மட்டும் வெளியே தெரிய நிற்கிறது. கம்பம் நகரவில்லை, அது நின்ற நாடே நகர்ந்திருக்கிறது. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நுனியைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்புறம் என் பழைய ஃபீல்டு புத்தகத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“ஏனுங்க சார், மூணு நாளு, தினம் மூணு தடவை மலையைப் பார்த்திருக்கீங்க. ஒன்பது அளவும் என்ன அழகா ஒத்து வருதுங்க! அன்னிக்கு வானம் அவ்வளவு தெளிவுங்களா?”

“நல்லாத்தான் இருந்துச்சு” என்றேன்.

“கப்பல் கிளம்பற அவசரத்துலயும் மூணு நாளு உக்காந்திருக்கீங்க பாருங்க. இப்பத்த பசங்க ஒருத்தன் செய்யமாட்டான்.”

பனி உருக்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். இன்று தொம்மையின் முறை.

ஜனவரி 8

சாட்டிலைட் போனில் ஆவுடை. ஒரு அழைப்புக்கு ஐந்து நிமிடம். எடுத்ததுமே வகுப்பறைச் சத்தம்.

“என்னங்க, பிள்ளைய எல்லாம் உங்ககிட்டச் சொல்லணுங்குது. ஏய், சொல்லுங்க!”

நாற்பது குரல் சேர்ந்து ராகம் போட்டது: “அண்டார்டிகாவில் ஆவுடை டீச்சர் மலை! உயரம் முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்!”

பள்ளிச் சுவரில் உலக வரைபடம் தீட்டியிருக்கிறார்கள். அடியில் வெள்ளையாக ஒரு பட்டை, அதில் கறுப்பு முக்கோணம் ஒன்று. அது அவள். பெயர் எங்கள் வேலைத்தாளில் மட்டும்தான், எந்தச் சபையும் ஒப்புக்கொண்ட பெயர் இல்லை. போன தடவை கணக்கு முடித்ததும் பென்சிலால் எழுதினேன், அப்படியே அச்சாகிவிட்டது. ஊருக்குப் போய்ச் சொன்னபோது அவள் நேரே உள்ளே போய், வெளியே வரும்போது காபிக்குப் பதில் பாயசத்தோடு வந்தாள்.

“ஏறி நின்னு ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. பெரிசாப் போட்டு ஆபீஸ் ரூம்ல மாட்டணும்” என்றாள்.

சரி என்றேன்.

ஜனவரி 9

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 10

“அண்ணாச்சி ராத்திரி முழுக்கப் புரண்டுகிட்டே கிடந்தாவ” என்று தொம்மை டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கேபினில் படுத்தால் யாருக்கும் யாருடைய வயிறு இரைந்தது என்பது வரை தெரியும்.

இன்று பிளவுகள் உள்ள பகுதி. மேலே பனி மூடியிருக்கும், கீழே கிணறு. ஒருவர் கயிறு கட்டிக்கொண்டு நீளக் கம்பியால் குத்திப் பார்த்துக்கொண்டே முன்னால் நடக்க வேண்டும். வண்டி பின்னால் ஊரும். நான்தான் நடந்தேன். நானே கேட்டு வாங்கினேன். டாக்டரம்மா, “உங்க வயசுக்கு வேண்டாமுங்க” என்றார். என் மலைக்கு நான்தான் வழி காட்டுவேன் என்றேன். உண்மையில் யாராவது ஒருவர் அந்தக் கிணற்றில் விழ நேர்ந்தால் அது நானாக இருப்பதுதான் நியாயம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இங்கே எழுத இடம் இல்லை.

இடம் இருக்கிறது. முக்கால் பக்கம் இருக்கிறது.

ஜனவரி 11

முகாமிலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர். நாலு நாளாக எதிரே மூடியிருந்த பனிமூட்டம் காலையில்தான் விலகியது. வரைபடத்தில் மலை இருக்கிற இடத்தில் மரியாவை நிறுத்தினோம்.

ஒன்றும் இல்லை. எட்டுத் திசையும் வெள்ளை. ஒரு கறிவேப்பிலை அளவு கறுப்புகூடக் கிடையாது.

தொம்மை வண்டி மேல் ஏறி, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். “அண்ணாச்சி, மலை டீ குடிக்கப் போயிருக்கும் போல. வரட்டும், இருப்போம்.”

டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் கருவியை எடுத்து இடத்தைச் சரிபார்த்தார். இன்னொரு தடவை சரிபார்த்தார். சிரிப்பு நின்றது.

“முந்நூத்திப் பன்னெண்டு மீட்டருங்க சார்” என்றார். “அது எங்கீங்க போகும்?”

ஜனவரி 12

சொல்லிவிட்டேன்.

காலையில் டாக்டரம்மாவுக்குப் பனி உருக்கும் முறை. நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

“டாக்டரம்மா, அந்த மூணு நாளு இருக்கே. அது மூணு நாளு இல்ல. ஒரு நாளுதாம்.”

அவர் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“முத நாளு காலம்பற தூரத்துல மலை தெரிஞ்சுது. பெரிசா, கோட்டை மாதிரி. அளந்தேன். மத்தியானம் திரும்பக் கருவியில பாத்தா இல்ல. மறுநாளும் மூணாம் நாளும் மூடுபனி. கப்பல்லருந்து கூப்பிட்டுக்கிட்டே இருந்தாவ. மூணு நாளு பாத்தாத்தாம் வரைபடத்துல ஏறும், அதுதாம் விதி. மிச்ச எட்டு அளவையும் கப்பல்ல உக்காந்து நானே போட்டேன். கடைசி எண்ணை மட்டும் அங்கங்க மாத்துனேன்.”

“தூரம் கணக்குப் போட ரெண்டு இடத்துல இருந்து பார்த்ததாவது நிசமுங்களா?”

“நிசம். ஆனா நாலு கிலோமீட்டர் தள்ளி நின்னு பாக்க வேண்டியது. அறுநூறு மீட்டர்தாம் போனேன். காலு மரத்துப்போச்சு.”

அண்டா நிரம்பிவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மூணு வருசமுங்க” என்றார். “அந்த எண்ணை நம்பித்தான் நான் திட்டமே எழுதுனேன்.” அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் ஒரு காதைப் பிடிக்கப் போனேன், விடவில்லை.

என் வயதுக்கு இப்படி அவமானப்பட்டது இல்லை. ஆனால் இன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினேன். இது உண்மை.

ஜனவரி 13

டாக்டரம்மா உப்பு வேண்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான்.

தொம்மை டீசல் பீப்பாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பதினெட்டாம் தேதி திரும்பினால்தான் நிலையம் போய்ச் சேர முடியுமாம். எனக்கு மட்டும் இன்னொரு டம்ளர் டீ ஊற்றினான். “விடுங்க அண்ணாச்சி. எங்க ஊர்ல கடலுக்குப் போயிட்டு வாரவன் ஒவ்வொருத்தனும் விட்ட மீனு எவ்வளவு நீளம்னு கையை விரிச்சுக் காட்டுவான். நீங்க மலையா காட்டிட்டிய” என்றான். ஆறுதலா கேலியா என்று தெரியவில்லை. டீ நல்ல சூடு.

சாயங்காலம் டாக்டரம்மா காகிதமும் பென்சிலுமாக என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணு கேக்கறேன், நிசத்தைச் சொல்லுங்க. முத நாளு நீங்க பார்த்தது பொய்யுங்களா?”

“பாத்தது பொய் இல்ல டாக்டரம்மா. எழுதுனதுதாம் பொய்.”

“அப்பச் சரிங்க.” ஒரு வளைகோடு வரைந்தார். “தரையை ஒட்டிக் குளிர்ந்த காத்து, மேல கொஞ்சம் சூடான காத்து. அப்ப வெளிச்சம் நேரா வராது, கீழ்ப்பக்கமா வளைஞ்சு வரும். அடிவானத்துக்கு அந்தப் பக்கம் மறைஞ்சு கிடக்கறதைத் தூக்கிக் காட்டும். இழுத்து நீட்டிக் காட்டும். நீங்க பார்த்தது அதுங்க. கானல்.”

“அப்ப மலையே இல்லியா?”

“கானல் இல்லாததைக் காட்டாதுங்க. இருக்கறதைத்தான் பெருசாக் காட்டும். உங்க உயரம் பொய். தூரம், அறுநூறு மீட்டர் நடந்து பார்த்த தூரம், அதை நம்ப முடியாது. ஆனா மேல கீழதான் வளையும், பக்கவாட்டுல வளையாது. அதனால உங்க திசை மட்டும் நிசமுங்க.” பென்சிலால் அந்தக் கோட்டை மறுபக்கம் நீட்டினார். “இந்தக் கோட்டுல இன்னும் அந்தாண்ட எங்கியோ ஏதோ ஒண்ணு இருக்குது.”

எவ்வளவு தூரத்தில் என்று தெரியாமல் பிளவுப் பகுதியில் டீசலைக் கரைக்க முடியாது. இங்கேயே இருந்து அளக்க வேண்டும். நாலு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கருவி. ஒன்றில் அவர், ஒன்றில் நான்.

“மூணு நாளு” என்றேன்.

“மூணு நாளு” என்றார். அப்போதுதான் லேசாகச் சிரித்தார்.

ஜனவரி 14

காலை ஐந்து: தெரியவில்லை.
பகல் ஒன்று: தெரியவில்லை.
மாலை ஒன்பது (இங்கே இரவு கிடையாது): தெரியவில்லை.

ஃபீல்டு புத்தகத்திலும் இதையேதான் எழுதினேன். முப்பது வருட சர்வீஸில் இந்தச் சொல்லை அதில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 15

தை பிறந்துவிட்டது. டைரி சொல்கிறது, பொங்கல் வைக்க நல்ல நேரம் சூரிய உதயத்தில் என்று. நவம்பரில் வைத்திருக்க வேண்டும்.

தொம்மை வெல்லமும் பாசிப்பருப்பும் முந்திரியும் நிலையத்திலிருந்தே ஒளித்துக் கொண்டு வந்திருக்கிறான். “எங்க கோயில்லயும் பொங்கல் வைப்போம்லா அண்ணாச்சி” என்றான். வண்டிப் படியில் அடுப்பை வைத்து, மூன்று பேரும் சுற்றி நின்று காற்றை மறைத்தோம். பொங்கி வழிந்தது. வழிந்தது கீழே போய்ச் சேர்வதற்குள் படியிலேயே உறைந்தும் போனது. தொம்மை அதைச் சுத்தியலால் பெயர்த்துக் கடலைமிட்டாய் மாதிரிக் கடித்தான். டாக்டரம்மா இரண்டு தட்டு சாப்பிட்டார். எனக்கு முந்திரியை ஒதுக்கி வைத்தார்.

காலை, பகல், மாலை: தெரியவில்லை, தெரியவில்லை, தெரியவில்லை. பகலில் காற்று வேறு.

ஜனவரி 16

காலை ஐந்துக்குக் கருவியில் கண்ணை வைத்தேன். காற்று சுத்தமாக நின்றிருந்தது. மீசையில் மூச்சு உறைந்தது. அடிவானம் இரண்டு கோடாகப் பிரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஏதோ கறுப்பாகத் துளிர்த்தது, நீண்டது, எழுந்து நின்றது. கோட்டை. என் கோட்டை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் பார்த்த அதே சாய்வு, இடப்பக்கம் அதே தோள்.

வாக்கிடாக்கியில் டாக்டரம்மாவின் சத்தம்: “சார்! சார்! தெரியுதுங்களா! எனக்குத் தெரியுதுங்க!”

“தெரியுது டாக்டரம்மா!”

“கத்தாதீங்க, கோணத்தை எடுங்க!”

கத்தியது அவர்தான். இருபது நிமிடம் நின்றது. பன்னிரண்டு தடவை எடுத்தேன். விரல் மரத்துப் போனது, தேய்த்துக்கொண்டு மறுபடி எடுத்தேன். அப்புறம் கோட்டை அடியிலிருந்து கரைந்து, தலை மட்டும் கொஞ்ச நேரம் வானத்தில் நின்று, அதுவும் போனது.

கணக்குப் போட்டால் இங்கிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். தொம்மை மரியாவை எழுப்பிவிட்டான். டாக்டரம்மா வண்டியில் ஏறியாயிற்று.

நான் ஏறவில்லை. “பகல் அளவும் மாலை அளவும் பாக்கி இருக்கு” என்றேன்.

“ஏனுங்க சார், அதான் கிடைச்சுப்போச்சே?”

“மூணு நாளுன்னா மூணு நாளு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மடித்துவிட்ட கால்சட்டை வரைக்கும் பார்த்தார். இறங்கி, தொம்மையிடம், “எஞ்சினை அணைங்க. நாளைக்குப் போலாமுங்க” என்றார்.

பகல் ஒன்று: தெரியவில்லை. மாலை ஒன்பது: தெரியவில்லை. எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 17

கண்டுபிடித்துவிட்டோம்.

காலை ஆறுக்குக் கிளம்பி, கம்பியால் குத்திக் குத்தி, பதினோரு மணி நேரம். கடைசி மூன்று கிலோமீட்டர் வரை கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்புறம் பனியில் கறுப்பாக ஒரு கோடு. தொம்மை ஹாரனை அடித்துக்கொண்டே போனான். இருநூறு கிலோமீட்டருக்குக் கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில் அந்த ஹாரன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

ஆவுடை மலை. நீளம் அறுபது மீட்டர். உயரம், பனிக்கு மேல், நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர். குளத்தில் படுத்திருக்கும் எருமையின் முதுகு மாதிரி இருக்கிறது. தொம்மை ஒரே ஓட்டத்தில் உச்சிக்கு ஏறி, “அண்ணாச்சி, மூச்சு வாங்குது, ஆக்சிஜன் கொண்டாங்க!” என்று கூவினான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அப்புறம் அழுகை வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். கண்ணாடிக்குள்ளேயே உறைந்துவிட்டது, துடைக்கவும் முடியவில்லை.

டாக்டரம்மா சுத்தியலை எடுத்துப் பாறையைத் தட்டினார். கணீரென்றது. நாலைந்து இடத்தில் தட்டினார். உடுப்பு வீணாகும் என்றுகூடப் பார்க்காமல் பாறை மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை வைத்துக்கொண்டார்.

“இது அடிப்பாறைங்க சார். கீழ வரைக்கும் போகுது. அசையாது.”

“நாலு மீட்டர்தான டாக்டரம்மா.”

“எனக்கு உள்ளங்கை அகலம் போதுமுங்க.”

ஜனவரி 18

பாறையில் துளை போட்டு ஆன்டெனாவை இறுக்கினோம். டாக்டரம்மா முதல் மூன்று போல்ட்டையும் தானே முடுக்கிவிட்டு, நான்காவதுக்கு ஸ்பானரை என்னிடம் கொடுத்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

பாறை இடுக்கில் ஒரு ஜோடி வெள்ளைப் பறவை. கடலிலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து கூடு வைத்திருக்கின்றன. எங்களைப் பார்த்ததும் ஒன்று எச்சில் மாதிரி எண்ணெயைத் தொம்மை மேல் துப்பியது. நாற்றம் சகிக்கவில்லை. அவன் இன்று கேபினுக்கு வெளியேதான் சாப்பிட்டான்.

பறவைகளுக்கு இந்த மலை போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் தெரிந்தே இருந்திருக்கிறது. அளவுகூடச் சரியாகத் தெரிந்திருக்கும்.

திரும்புகிறோம். போட்டோ எடுத்தாயிற்று. நான் மேலே, பாறை கீழே. எவ்வளவு கோணம் மாற்றி எடுத்தாலும் நான்தான் பெரிதாகத் தெரிகிறேன்.

ஜனவரி 19

ஆவுடையிடம் சொல்ல வேண்டிய நாள். டாக்டரம்மாவிடம் சொன்னதைவிட இது கஷ்டம். போனை வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கையுறையோடு காதில் பிடிக்க முடியாமல் ஸ்பீக்கரில் போட்டேன். தொம்மை எஞ்சினை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரியும்.

“கிடைச்சுதா?”

“கிடைச்சுது. ஆவுடை, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“முந்நூத்திப் பன்னெண்டு இல்ல. நாலு.”

“நாலுன்னா?”

“நாலு மீட்டர்.” அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நாள் பார்த்தது, எட்டு அளவைக் கப்பலில் போட்டது, கானல், டாக்டரம்மாவின் மூன்று வருடம், எல்லாம். ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் அதிலேயே போய்விட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

“என்னங்க” என்றாள் கடைசியில். “பொண்ணு பாக்க வந்தன்னைக்கு உயரம் எவ்வளவுன்னு சொன்னீய?”

“அது எதுக்கு இப்ப?”

“அஞ்சடி எட்டு அங்குலம்னு சொன்னீய. நீங்க போனதும் எங்கப்பா, நீங்க தலை இடிக்காம நுழைஞ்ச நிலையில உங்க தலை எட்டுன இடத்துல கோடு போட்டு அளந்தாவ. அஞ்சடி நாலு. ‘அளக்குற உத்தியோகத்துல இருந்துக்கிட்டு சொந்த உயரத்தையே நாலு அங்குலம் கூட்டிச் சொல்லுதாரே, இது சரிப்படுமா’ன்னு எங்கிட்ட கேட்டாவ.”

போனை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டேன். முப்பது வருடமாக இது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“நீ என்ன சொன்ன?”

“ஆளு நிசமா வந்தாவல்லா, பொறவு என்னன்னு சொன்னேன்.” மூக்கை உறிஞ்சினாள், சிரிப்பா அழுகையா தெரியவில்லை. “கல்லு நிசம்தான?”

“நிசம். அசையாது. டாக்டரம்மா படுத்தே பாத்துட்டாவ.”

“அப்பச் சரி. நாளைக்குச் சுவத்துல எண்ணை அழிச்சுட்டு நாலுன்னு எழுதுதேன். பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பமே நாலரை மீட்டர் இருக்கு. முந்நூத்திப் பன்னெண்டுன்னா எவ்வளவுன்னு பிள்ளைய கேட்டா எனக்கே காட்டத் தெரியாது. இனிமே முற்றத்துக்குக் கூட்டிட்டுப் போயி, கம்பத்துல கையை வச்சு, இம்புட்டுதாம்னு காட்டலாம்.”

“பிள்ளைய சிரிக்குமே ஆவுடை.”

“சிரிக்கட்டும். ஏன் குறைஞ்சுதுன்னு கேப்பாங்கல்லா? அதுக்கு நீங்கதாம் வந்து பதில் சொல்லணும். வகுப்புல, முன்னால நின்னு.”

லைன் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் தொம்மை ஜன்னல் வழியாக என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துக்கொண்டிருந்தான். “ஏம் அண்ணாச்சி, அப்ப தையக்காரன் மேல தப்பு இல்ல, என்ன?”

ஜனவரி 25

நிலையம் வந்து சேர்ந்தாயிற்று. வரைபடத் திருத்தப் படிவத்தை எழுதிக் கொடுத்தேன். பழைய உயரம் 312, புதிய உயரம் 4.10. ‘திருத்தத்துக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. சின்னக் கட்டம். அதில் கொள்ளாமல் பின்பக்கமும் எழுதினேன். ஆபீஸில் என்ன சொல்வார்களோ, சொல்லட்டும். டாக்டரம்மா அதை வாசித்துவிட்டு, அடியில் தானும் கையெழுத்துப் போட்டார். “பெயரை மாத்த வேண்டாமுங்க, பொருத்தமாத்தான் இருக்குது” என்றார். உடுப்புக் கிடங்கில் போய் என் படிவத்தில் உயரத்தையும் திருத்திவிட்டு வந்தேன். ஐந்தடி நாலு. சின்ன அளவு உடுப்பு கொடுத்தார்கள். என்ன கதகதப்பு!

இன்று சூரியன் முதல் தடவையாக அடிவானத்துக்குக் கீழே போனது. ஒரு இருபது நிமிடம்தான். எல்லோரும் வெளியே போய் நின்று கைதட்டினோம். ராகுகாலம் நாளையிலிருந்து மறுபடி வேலைக்கு வருகிறது.

இருபதாம் தேதியிலிருந்து நேற்று வரை ஐந்து நாள் எழுதவில்லை. பேனாவை எடுத்தேன். வெயில் அடித்திருக்கும், எல்லோரும் நலமாகத்தான் இருந்திருப்போம். ஆனால் சரியாக ஞாபகம் இல்லை. ஆவுடை திட்டினால் திட்டட்டும், அந்த ஐந்து பக்கமும் காலியாகவே இருக்கும்.